மலரில் விட்டுப்போன சிலோன்காரர்கள்

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சங்க மலருக்காக மாமா எழுதி அனுப்பிய, வெளிநாடு போன நம்மவர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். துபாய்க்கு முதலில் யார் போனார், அமெரிக்காவில் முதலில் வீடு வாங்கியது யார் என்று ஒன்று விடாமல் இருக்கிறது. ஆனால் கணக்கு 1970-களில்தான் தொடங்குகிறது. அதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே ஆள் சேர்த்துக்கொண்டு போகும் கங்காணி பின்னால் மண்டபம் போய், அங்கிருந்து சிலோனில் மாத்தளை, அட்டன் பக்கம் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் எங்கே? கண்மாய்க்கரையில் கண்டி அத்தை வீட்டைத் தாண்டாமல் நம்மில் யார் பள்ளிக்கூடம் போனோம்?

இளையவர்களுக்காகச் சுருக்கமாக. சுதந்திரம் வாங்கிய கையோடு 1948-ல் இலங்கை அரசு பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டத் தமிழர் சுமார் 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இந்திரா காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகம் பிரிக்கும்போது ஆட்டுக்குட்டியிடம் யார் கேட்பார்கள், அந்தக் கதைதான்.

கண்டி அத்தை குடும்பம் எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம் வந்தது. போன முறை ஊருக்குப் போனபோது ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையை அத்தை காட்டியது. மடிப்பெல்லாம் பிய்ந்து, பால் கவருக்குள் வைத்து மஞ்சள் பையில் சுற்றியிருக்கிறது. போட்டோவில் ஐந்து பேர். கைக்குழந்தை மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. சொந்த ஊர் என்ற இடத்தில் நம்மூர், மேலூர் தாலுகா, மதுரை ஜில்லா. மறுவாழ்வுக்கு வியாபாரக் கடன் என்று போட்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து கொழுந்து கிள்ளிய கையில் தராசைக் கொடுத்தால் என்ன செய்யும்? கடனில் பாதியை வாங்கிக் கொடுத்தவனே தின்றான். பெட்டிக்கடை ஒரு வருஷம்கூட ஓடவில்லை.

ஊர் என்ன செய்தது? தாத்தா போகும்போது பங்காளியிடம் விட்டுப்போன நிலத்தைக் கேட்டதற்கு, “பட்டா எங்க பேர்ல இருக்கு, எந்தக் காலத்துக் கதையைப் பேசுறீக?” என்று பதில் வந்தது. புறம்போக்கில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இந்தக் குழுவில் உள்ள சில வீடுகளுக்கும் அதில் பங்கு உண்டு, எங்கள் வீடு உட்பட. வழக்குப் போடச் சொல்லவில்லை. மலரில் யாராவது “ஊரே திரண்டு வரவேற்றது” என்று எழுதிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அத்தை வீட்டுக்காரரின் தம்பி இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு அங்கேயே இருந்துவிட்டார். 83 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பிப் படகில் வந்து, இன்றைக்கு நம்மூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருவாதவூர் அகதிகள் முகாமில் இருக்கிறார். பெயிண்ட் அடித்தே பிள்ளைகளை வளர்த்தார். அண்ணன் ஒப்பந்தத்தில் வந்ததால் இந்தியர். தம்பி கலவரத்தில் வந்ததால் அகதி. தாத்தா ஒருவர்தான்.

அவர் மகள் 1986-ல் மதுரை பெரியாஸ்பத்திரியில் பிறந்தது. 1-7-1987-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் சொல்கிறது. அதே 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது; அந்தப் பெண் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டுவிட்டார். ஆனால் நம் திருவாதவூர்க்காரரின் மகன் பிறந்தது 1989. அக்காள் இந்தியர், தம்பி அகதி. அக்காளைக் கட்டிக்கொடுத்ததும் முகாம் பையனுக்கே. 2004-ல் சட்டம் இன்னும் இறுகியது; ஆகவே அதற்குப் பின் பிறந்த அவள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை. கிரீன் கார்டு வரிசை நகரவில்லை என்று வாராவாரம் இங்கே புலம்பும் தம்பிகள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

முகாமில் இருக்கும் அந்தப் பெரியவருக்கு ஒரு வழி இருக்கிறது. அவர் அப்பா பிரியாத இந்தியாவில் பிறந்தவர் என்று காட்டினால் சட்டப்படி அவர் இந்திய வம்சாவளி. அனுமதியில்லாமல் படகில் வந்ததுதான் முட்டுக்கட்டை. இப்படிப்பட்ட மலையகத் தமிழர் 65 பேரின் மனுவைப் பரிசீலிக்கும்படி மதுரைக் கிளை 2019-லேயே சொன்னது. உடனே கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் காகிதம் இல்லாமல் வக்கீல் எதைக் கையில் எடுப்பார்? அந்தக் காகிதம் இருந்தால் நம் வீட்டுப் பரணில்தான் இருக்கும். பங்காளி வீடுகளில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம், சிலோனிலிருந்து வந்த கடிதம், மணியார்டர் துண்டு, அந்தக் காலத்து மொய் நோட்டு எது இருந்தாலும் ஊரில் உள்ளவர்களைத் தேடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை நான் சித்தப்பா மூலம் கேட்டிருக்கிறேன்.

வக்கீல் செலவுக்குச் சங்கப் பணத்திலிருந்து எடுக்கலாமா என்பதைப் பொருளாளர் சொல்லட்டும். அலங்கார வளைவை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம்.

மலர் பங்குனியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் கிடைத்ததை அனுப்புங்கள். மொய் நோட்டைப் போட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் போடாதீர்கள், வெளிச்சம் பட்டுப் படத்தில் பென்சில் எழுத்து தெரியாமல் போய்விடும். வருஷம் எழுதிய முதல் பக்கத்தையும் மறக்காமல் சேர்த்து எடுங்கள்.