புதுப்பிப்பு: துணிக்கடை வேலையை விடுறதா, ஓட்டுறதா?

படிக்கும்போது சேர்ந்த தி.நகர் துணிக்கடை மாலை வேலை. பி.காம். முடிந்தும் பிடிக்காமலே ஓட்டுகிறேன், குரூப் 4 தேர்வுக்காக விடலாமா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் "உடனே விடு" என்றீர்கள், மீதிப் பேர் "கைச்செலவுக்கு என்ன செய்வே?"

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் விடுகிறேன். சூப்பர்வைசர் அண்ணனிடம் சொல்லியாச்சு. "சரிடா, அந்தப் புடவையை மடிச்சு வச்சுட்டுப் போ" என்றார், அவ்வளவுதான்!

ஒருவர் சொன்ன உட்காரும் உரிமையையும் கேட்டேன். கடை ஊழியருக்கு இருக்கை தரணும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் தளத்துக்கும் ஸ்டூல் வந்தது. அதில் இப்போது பில் புக்கும் காலி அட்டைப்பெட்டியும் உட்கார்ந்திருக்கின்றன.

கைச்செலவுக்குப் பக்கத்துத் தெரு பிளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் பேசியிருக்கிறேன். அக்கவுன்டன்சி மட்டும். கணக்குப் பாடம் கேட்டால் ஓடிவிடுவேன்.