புதுப்பிப்பு: தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் தட்டச்சு பழக ஆரம்பித்து சலித்துப்போன கதை, இப்போது

மூன்று மாதத்துக்கு முன், "தமிழ்99 பயிற்சி அலுப்பாக இருக்கிறது, இரண்டு வாரத்திலேயே விட்டுவிடத் தோன்றுகிறது" என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விசைகளில் எழுத்து ஒட்டும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. கண் கீழேயே போனது. வேகத்தை அளந்து குறித்துவைத்ததும் அப்படித்தான், எண் குறைந்த நாளெல்லாம் மூட் அவுட்.

கைகொடுத்தது ஒரு நண்பர் சொன்னது: "பாடத்தை மூடிவையுங்கள். தினமும் பத்து நிமிடம் நாட்குறிப்பு அடியுங்கள். சுவாரசியமான இடத்தில், பாதி வாக்கியத்தில் எழுந்துவிடுங்கள்." கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள் அந்தப் பாதி வாக்கியமே இழுத்து உட்காரவைத்தது. ஐந்தாவது வாரத்தில் ஒருநாள், குனிந்து பார்க்காமலே ஒரு பத்தி முடித்திருந்தேன்.

எதிர்பாராதது ஒன்று: பழைய ஒலிபெயர்ப்பு முறை (ஆங்கில எழுத்தில் amma என்று அடித்துத் தமிழாக்குவது) கை மறந்துபோய், நடுவில் பத்து நாள் இரண்டிலும் தடுமாற்றம். அப்போது விட்டுவிடாதீர்கள்.

எனக்கு ருசி தட்டியது தானியங்கிப் புள்ளியில், அதாவது மெய்யெழுத்தின் புள்ளி தானாகவே விழுவதில். அ, ம, ம, ஆ என நான்கே தட்டு, 'அம்மா' வந்துவிடும். 'பந்து'க்கும் புள்ளி தேட வேண்டாம். 'மமதை'யில்தான் மாட்டிக்கொண்டேன், 'ம்ம' என்றே வந்தது. முதல் ம-வுக்குப் பின் அ தட்டினால் சரியாகிவிடும். தேடி வருபவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன்.

வேகம் இன்னும் சுமார்தான். நாட்குறிப்பு மட்டும் நாற்பது பக்கம் தாண்டிவிட்டது.