திருகோணமலை கம்பஸ் எப்படி?

உவர்மலைத் தம்பி: கம்பஸ் அனுமதிக்கான இசட் ஸ்கோர் புள்ளி வந்துவிட்டது, தங்கச்சியின் விண்ணப்பத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தை முன்னுக்குப் போடலாமா? எல்லாமே மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில்தானா, இல்லை வீட்டிலிருந்து போய்வரலாமா?

நிலாவெளி அக்கா: எந்தப் பாடம் என்று சொல்லவில்லையே தம்பி. கணினி விஞ்ஞானம், வணிக முகாமைத்துவம், தொடர்பாடல், சித்த மருத்துவம் என்றால் இங்கே கோணேசபுரியில் இருக்கும் அதன் திருகோணமலை கம்பஸிலேயே, நிலாவெளி பஸ்சில் ஏறினால் சரி. விவசாயம், எம்பிபிஎஸ் என்றால் மட்டக்களப்புப் பக்கம், அப்புறம் விடுதிதான்.

பழைய மாணவன்: கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. படிப்பு இலவசம், மகாபொல உதவித்தொகை கிடைத்தால் பஸ் காசுக்கும் போட்டோக்கொப்பிக்கும் ஆகும். சித்த மருத்துவப் பட்டத்துக்கு இதை விட்டால் யாழ்ப்பாணம்தான்.

உவர்மலைத் தம்பி: அவள் கேட்பதும் சித்த மருத்துவம்தான் அக்கா. அப்போ முதலில் திருகோணமலையையே போடச் சொல்கிறேன்.