கோளின் இரவோரத்துக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எட்டாம் வகுப்பு மாணவர்கள் கிம்ப் என்னும் பட வரைவு மென்பொருளில் ஒரு கோளை வரைந்து பழகுவதற்கான சிறு கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். நீளமும் அகலமும் 1000 பிக்சல் கொண்ட கறுப்புப் பின்னணி, அதன்மேல் ஒரு புதிய அடுக்கு, அதில் 600 பிக்சல் விட்டமுள்ள வட்டத் தெரிவு (வேலை செய்யத் தேர்ந்தெடுத்த பகுதி), அதற்குள் மேகம்போல் திட்டுத்திட்டாக நிறம் நிரப்பிப் பின்பு கோளமாக்குதல் என்பது வரை சொற்களுக்குக் குறைவில்லை. அடுத்த படியில்தான் மூன்று நாளாக நிற்கிறேன். இன்னோர் அடுக்கைத் திறந்து, அதே வட்டத்தை ஒளி வரும் பக்கமாக நகர்த்தி, அதன் விளிம்பை ‘ஃபெதர்’ செய்து, அதாவது கூர்மையான ஓரத்தைப் படிப்படியாக மங்கச் செய்து, தெரிவைத் தலைகீழாக்கிக் கறுப்பை நிரப்பினால், தட்டையாகக் கிடந்த வட்டம் ஒரு பக்கம் பகலும் மறுபக்கம் இரவுமாக உருண்டு திரண்டுவிடுகிறது. கோள் கோளாவது இந்த ஒரு படியில்தான். கைக்குக் கிடைத்த பழைய கலைச்சொற் பட்டியல் ஒன்றில், அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருளாக, இதற்கு ‘இறகு’ என்று இருந்தது. அதை வகுப்பில் படித்துக் காட்டியபோது, கோளுக்கு இறகு வரையச் சொல்கிறேன் என்று எண்ணி ஒரு மாணவி தூரிகையை எடுத்துவிட்டாள். தகுந்த சொல் தந்து உதவுங்கள்.

கையேட்டை எழுதும் ஆசிரியை, விழுப்புரம்

*

அன்புள்ள அம்மா,

‘இறகு’ பொருந்தாது என்பது சரியே. ஆயினும் பறவையை விட்டு இவ்வளவு விரைவில் விலக வேண்டியதில்லை. தமிழில் இறகு வேறு, சிறகு வேறு, பீலி வேறு, தூவி வேறு. வண்டியின் அச்சு முறியும் அளவுக்கு வள்ளுவர் ஏற்றிக் காட்டுவது பீலியை. அனிச்சத்தோடு சேர்த்து, மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம் என்று அவர் சொல்வது அன்னத்தின் தூவியை. நடுவே தண்டும் தெளிவான ஓரமும் உடையது இறகு. எங்கே முடிகிறது என்று விரலுக்கே தெரியாதது தூவி. நமக்கு வேண்டிய விளிம்பு இதுதான் அல்லவா? ‘தூவு’ என்னும் வினையின் வழியாகப் பார்த்தாலும், கோலமிடும்போது கோட்டின் இருபுறமும் சிதறி நிற்கும் பொடி இதே மென்மையைக் காட்டும். ‘தூவியோரம்’ என்று எழுதிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

*

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

திருமண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். மணமக்களின் படத்தை வேறொரு பின்னணியில் ஒட்டும்போதெல்லாம் ‘ஃபெதர் அஞ்சு குடு’ என்பதே எங்கள் கடையில் கேட்கும் பேச்சு. இந்தக் கையேட்டைப் படிக்கும் பிள்ளை நாளை இந்த வேலைக்கே வரலாம். ‘தூவியோரம்’ என்று கற்று வந்தால் முதல் நாளே திகைத்து நிற்கும். ஆகவே ‘ஃபெதர்’ என்றே எழுதுவது நல்லது என்று கருதுகிறேன். தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால், அதை ஏட்டில் தேடுவதைவிடச் சுவரில் தேடலாம். பட்டி பார்ப்பவர், பட்டி முடிகிற ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, புதுப் பூச்சு எது பழைய சுவர் எது என்று தெரியாதபடி இழைத்துவிடுகிறார். இழைப்புளி பிடித்த தச்சருக்கும் இது தெரிந்த வேலை. விளிம்பை இழைத்தல் என்றால் கையால் தொழில் செய்த எவருக்கும் புரியும்.

வடிவமைப்பாளர், மதுரை

*

தம்பிக்கு,

‘ஃபெதர்’ என்பதை என்னால் ஏற்க இயலாது. ‘குறியதன் முன்னர் ஆய்தப் புள்ளி உயிரொடு புணர்ந்த வல்லாறன் மிசைத்தே’ என்பது தொல்காப்பியம். குற்றெழுத்துக்குப் பின்னே வர வேண்டிய ஆய்தத்தைச் சொல்லின் தலையில் வைப்பதைப் பிள்ளைகளுக்கு நாமே அச்சிட்டுக் கொடுக்கலாகாது.

‘இழை’ என்பதோ என் நெஞ்சைத் தொட்டுவிட்டது. சந்தனம் இழைப்பதும், குரலோடு யாழ் இழைவதும் இதில் அடங்கும். ஆனால் நிரலில் ஏவலாக நிற்கும்போது என்ன நேர்கிறது என்று பாருங்கள். விளிம்பு என்பதோடு இழை சேர்ந்தால், ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’ என்ற நன்னூல் விதிப்படி ‘விளிம்பிழை’ ஆகிறது. கணினித் தமிழில் ‘பிழை’ முன்பே வேரூன்றிய சொல்லாதலால், விளிம்பில் ஏதோ பிழை என்று அஞ்சிப் பிள்ளைகள் சாளரத்தை மூடிவிடுவார்கள். ‘ஓரம்’ என்று மாற்றினாலும் ‘ஓரவிழை’ ஆகி, உள்ளே ‘விழை’ வந்து புகுந்துகொள்கிறது. தூவிக்கு இந்தத் தொல்லை இல்லை.

தஞ்சாவூர்

*

அனைவருக்கும் வணக்கம்.

அந்த ஓரத்தில் இயற்கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும் என்று நினைக்கிறேன். பூமியில் சூரியன் மறைந்தவுடன் இருள் வந்துவிடுவதில்லை. தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கும் வரை காற்றுமண்டலம் ஒளியைச் சிதறடித்துக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் கோளுக்கு ஆரம் 300 பிக்சல். பாதி பகலும் பாதி இரவுமாகத் தெரியும் நிலையில், அந்த 18 பாகைக்குரிய அந்திப் பட்டை ஏறத்தாழ 93 பிக்சல் அகலம் பெறும். காற்றில்லாத நிலவிலோ, சூரிய வட்டின் அரைப் பாகை அகலம் மட்டுமே ஓரத்தை மங்கச் செய்வதால், 3 பிக்சல் போதும். ஆகவே, ‘ஃபெதர்’ அளவைக் கேட்கும் பெட்டியில் பிள்ளைகள் 90 என்று இட்டால் காற்றுள்ள கோள், 3 என்று இட்டால் காற்றற்ற கோள் என்று விளக்கலாம். ஓர் அளவைச் சொல்லி, ‘இவ்வளவு’ என்று கேட்கவும் கொடுக்கவும் இடம் தரும் சொல்லே இங்கு வேண்டும்; தூவியை அளக்க முடியாது. பகல் இரவுக்குள் கரைகிறது என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ‘ஓரம் கரை’ என்பது ஏவல், ‘கரைவு’ என்பது அளவு, ‘கரைவிளிம்பு’ என்பது விளைவு.

அறிவியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

*

கோவை ஆசிரியருக்கு,

‘கரைவிளிம்பு’ என்பதை வினைத்தொகையாகக் கொண்டால் கரைந்த, கரைகின்ற, கரையும் விளிம்பு என்று முக்காலமும் அடங்கும், அழகுதான். ஆனால் ஆற்றுக்கும் சேலைக்கும் உள்ள ‘கரை’ என்று எவரேனும் படித்தால், ஓரத்துக்கு ஓரம் என்ற ஒருபொருட் பன்மொழியாகிவிடும். வருமொழி வல்லினமாக இருந்தால், ஊறுகாயில் போல, ஒற்று மிகாமையே வினைத்தொகையைக் காட்டிக் கொடுத்திருக்கும்; வகரம் இடையினமாகையால் அந்தச் சான்றும் இல்லை. மேலும், கரைதல் காக்கைக்கும் உரியது. ‘விருந்துவரக் கரைந்த காக்கை’ என்ற குறுந்தொகை அடியாலேயே ஒரு புலவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் நிலைத்தது. இறகை விட்டுப் புறப்பட்ட நாம், சுற்றிக்கொண்டு காக்கையிடமே வந்து நிற்கிறோம் என்பதைக் குறிப்பிடக் கடமைப்பட்டிருக்கிறேன். இவையெல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு: ரகரமும் றகரமும் ஒன்றாகவே ஒலிக்கப்படும் இக்காலத்தில், பாதிப் பிள்ளைகள் இதைக் ‘கறை’ என்று எழுதுவார்கள்.

தஞ்சாவூர்

*

ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி.

இன்று காலை மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, மூன்று கணினிகளில் செய்ய வைத்தேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. அளவைக் கொடுத்து முடித்த பின்பும், வட்டத்தைச் சுற்றி எறும்புச் சாரைபோல் ஓடும் கோடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். தெரிவின் மதிப்பு உள்ளே 255 (முழுத் தெரிவு), வெளியே 0 (தெரிவே இல்லை) என்று இருந்தது இடையில் படிப்படியாக இறங்கத் தொடங்கியிருந்தாலும், கோடு பாதி மதிப்புள்ள இடத்தை மட்டுமே காட்டுவதால், ஒன்றும் நடக்கவில்லை என்று பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கட்டளையை அழுத்துகிறார்கள். ‘தூவியோரம்’ என்று படித்தவனும் ‘ஃபெதர்’ என்று படித்தவளும் இப்படித்தான் செய்தார்கள். ‘ஓரம் கரை’ என்று படித்த பெண் மட்டும், “டீச்சர், உள்ளுக்குள்ள கரைஞ்சிருக்கும், கறுப்பு ஊத்தினாதான் தெரியும்” என்று சொல்லி நிரப்பிக் காட்டினாள். பின்னணியும் கறுப்பாகையால் வட்டத்துக்கு வெளியே வழிந்த நிறம் தெரியவில்லை. உள்ளே மட்டும் அந்தி இறங்கியது.

கையேட்டில் ‘ஓரம் கரை’, ‘கரைவு’ என்ற இரண்டையும் வைக்கிறேன், ‘கரைவிளிம்பு’ வேண்டாம். மதுரைத் தம்பி சொன்னதை மதித்து, தொழிற்கூடங்களில் ‘ஃபெதர்’ என்பார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

விழுப்புரம்

*

அம்மா,

வகுப்பறையின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். இருப்பினும், அந்தப் பெண் தன் குறிப்பேட்டில் ரகரம் எழுதினாளா றகரம் எழுதினாளா என்று அருள்கூர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். றகரமாக இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் ‘தூவி’யை மறுபடியும் எடுத்துக்கொண்டு வருவேன்.

தஞ்சாவூர்