ஏற்காடு ஏறும்போது மேப் குதிக்கிறது, ஜாமரா?

கேள்வி:
அஸ்தம்பட்டியில் இருந்து ஏற்காட்டுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிப் போகிறேன். நேற்று ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றபோது, மேப்பில் கீழே பள்ளத்துக்குள் நின்றது. யாராவது ஜாமர் (சிக்னலைத் தடுக்கும் கருவி) வைத்திருப்பார்களா அண்ணா?

பதில்:
தம்பி, அது பெரும்பாலும் மலையின் வேலை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன, இங்கே வந்து சேரும் சிக்னல் ரொம்ப மெலிசு. பாறைச் சுவர் பாதி வானத்தை மறைக்கும். மிச்ச சிக்னல்களில் சில பாறையில் பட்டுச் சுற்றி வரும். அந்தத் தாமதத்தையும் போன் தூரமாகக் கணக்குப் போட்டுவிடும். ஜாமர் என்றால் பெரும்பாலும் சிக்னலே போய்விடும். ஜிபிஎஸ் சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் போனில் இந்தக் குதிப்பு குறையும்.

கேட்டவர்:
சரி அண்ணா. ஆனால் போன வாரம் ஐந்து ரோடு பக்கம் ஒரு காருக்குப் பின்னால் போனபோது சிக்னல் சுத்தமாகப் போய்விட்டது. கார் திரும்பியதும் வந்துவிட்டது.

இன்னொரு பதில்:
அது சந்தேகப்பட வேண்டியதுதான். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கரை ஏமாற்றச் சிலர் சிகரெட் லைட்டர் ஓட்டையில் குட்டி ஜாமர் செருகுகிறார்கள். ஜிபிஎஸ் சிக்னல் வரும் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வெறும் இரைச்சல் போட்டாலே போதும். 2012இல் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில் ஒரு ஓட்டுநரின் ஜாமர், விமானத் தரையிறக்க வழிகாட்டிக் கருவியையே குழப்பியது. இங்கே தனியார் ஜாமர் வைத்திருப்பதே சட்டவிரோதம். பின்னால் வரும் ஆம்புலன்ஸுக்கும் வழி மறையுமே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அடுத்த முறை வண்டி எண்ணைக் குறித்துப் போலீஸில் சொல்லுங்கள்.