வாந்தி பேதி நின்னுடுச்சு, நாளைக்கு போஸ்டிங் போகலாமா?

நைட்ஆவ்ல்:
செகண்ட் இயர் நர்சிங், இப்ப குழந்தைங்க வார்டுல டிரெயினிங் போஸ்டிங். முந்தாநேத்துல இருந்து வாந்தி பேதி, இன்னிக்கு காலைலதான் நின்னுச்சு, ஓஆர்எஸ் குடிச்சு இப்ப எழுந்து நடமாடுறேன். நாளைக்கு மார்னிங் ஷிஃப்ட், போகலைன்னா டிரெயினிங் ஹவர்ஸ் குறையும், மேடம் வேற சாக்குன்னு நினைப்பாங்க. மாஸ்க் போட்டு, அடிக்கடி சானிடைசர் போட்டுக்கிட்டா போதாதா சீனியர்ஸ்?

பழைய ஸ்டாஃப்:
போகாதம்மா. வாந்தி பேதின்னா கடைசியா போனதுல இருந்து 48 மணி நேரம் வார்டு பக்கம் வரக்கூடாதுன்னுதான் நிறைய எடத்துல ரூல். வாந்தி பேதிய பரப்பற நோரோவைரஸா இருந்தா பேதி நின்னப்புறமும் மலத்துல வைரஸ் வந்துட்டேதான் இருக்கும், அதுக்கு சானிடைசர் சரியா கேக்காது, சோப்பு தண்ணிலதான் கழுவணும். பச்சக் குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா எவ்ளோ சீக்கிரம் நீர் வத்திப்போகும்னு நீயே பாத்திருப்ப.

குட்டிசிரிஞ்ச்:
சொல்றது ஈசி அக்கா. எங்க காலேஜ்ல பாராசிட்டமால் போட்டுட்டு வர்றவங்கதான் நல்ல பொண்ணு, லீவ் கேட்டா சர்டிஃபிகேட் எங்கன்னு நிக்க வச்சு கேப்பாங்க.

டியூட்டர்ஒருத்தி:
அப்படி கேக்கறது தப்புதான், நானும் இந்த வேலைலதான் இருக்கேன். ஆனா பாராசிட்டமால் காய்ச்சல மறைக்கும், ஃப்ளூ பரவறத நிறுத்தாது. அதுவும் இல்லாம தலை சுத்திக்கிட்டே டோஸ் கணக்கு போட்டா என்னாகும்? டெசிமல் ஒரு எடம் தள்ளிப் போனா பத்து மடங்கு மருந்து உள்ள போயிடும். ஷிஃப்ட் தொடங்கறதுக்கு முன்னாடியே இன்ஸ்ட்ரக்டருக்கும் வார்டு இன்சார்ஜுக்கும் நீயே போன் பண்ணு, ஃப்ரெண்டுகிட்ட சொல்லி அனுப்பாத. என்ன தொந்தரவு, கடைசியா எப்ப போச்சு, அவ்ளோதான் சொல்லணும். டூட்டி நடுவுல முடியாம போனாலும் இதேதான், எந்த மருந்து குடுத்தாச்சு எது பாக்கின்னு ஒப்படைச்சுட்டு வெளிய வா, வார்டு ஸ்டாக்குல இருந்து நீயா மாத்திரை எடுத்துப் போட்டுக்காத.

நைட்ஆவ்ல்:
மேடத்துக்கு பேசிட்டேன். திட்டுவாங்கன்னு பாத்தா, உடம்பு சரியில்லாம போறதுக்கு முந்தின நாள் எந்தெந்த குழந்தைய தூக்கின, யாருக்கு ஃபீட் குடுத்தன்னுதான் கேட்டாங்க. இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டர்கிட்டயும் (ஆஸ்பத்திரில நோய் பரவாம பாத்துக்கறவங்க) பேசச் சொல்லிருக்காங்க.

பழைய ஸ்டாஃப்:
நல்லது. போன்ல பேசினத ஒரு மெசேஜாவும் போட்டு வை, விட்டுப்போன ஹவர்ஸுக்கு ஈடா மேக்கப் டூட்டி கேக்கும்போது உதவும்.