இலவச மாட் நிறுவக் கட்டண டிஎல்சி எதற்கு?

கேள்வி – வாளையாறு வாசகர்:
யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கணினி விளையாட்டில் கேரள அரசுப் பேருந்தின் தோற்றத்தைப் பொருத்தி ஓட்டிவரும் நான், ரசிகர்கள் உருவாக்கிய இலவச மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் கோப்பு) ஆன புரோமாட்ஸ் வரைபடத்தை நிறுவ முயன்றபோது, விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் விற்கும் வரைபட டிஎல்சிகளை (தரவிறக்கும் கூடுதல் உள்ளடக்கங்களை) முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை தடையாக நின்றது. இந்தக் கட்டாயம் முறைதானா?

பதில் – கொல்லங்கோட்டிலிருந்து:
முறைதான் என்பேன், நண்பரே. புரோமாட்ஸ் தனித்து இயங்கும் வரைபடம் அன்று. டிஎல்சியில் உள்ள சாலைகளோடு இணைந்தும் அங்குள்ள கட்டடங்களை எடுத்தாண்டும் விரிவது. அந்தக் கோப்புகளை மாட் தொகுப்பிலேயே சேர்த்துக் கொடுத்தால் அது திருட்டு நகலாகிவிடும். டிஎல்சிகளை மலிவாக வாங்க ஓணம் வரை காத்திருக்க வேண்டாம். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் ஆண்டுக்குப் பலமுறை விலையைக் குறைக்கிறது.

பதில் – செங்கோட்டை வாசகர்:
விளக்கம் சரியே. ஆனால் மாட்களுக்கே விலை வைக்கும்போதுதான் உண்மையான பூசல் தொடங்குகிறது. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் என்ற விளையாட்டின் மாட்களை ஸ்டீமில் விற்க, அத்தளத்தை நடத்தும் வால்வும் அந்த விளையாட்டை வெளியிட்ட பெதஸ்டாவும் வழிசெய்தபோது, உருவாக்கியவருக்கு விலையில் 25 விழுக்காடே கிடைத்தது. ஒருவரின் மாட் இன்னொருவருடையதைச் சார்ந்திருக்கையில் பணம் யாருக்குச் சேரும் என்ற சச்சரவும் சேர்ந்துகொள்ள, சில நாள்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது. பெதஸ்டா சளைக்கவில்லை, 2017இல் கிரியேஷன் கிளப் என்ற பெயரில் கட்டண உள்ளடக்கத்தைத் தன் மேற்பார்வையில் மீண்டும் கொண்டுவந்தது.

வாளையாறு வாசகர்:
நன்றி. என் பேருந்துத் தோற்றத்திற்கு ஒருவர் விலை பேசுகிறார், கொடுக்கலாமா?

கொல்லங்கோட்டிலிருந்து:
அடிப்படைப் பேருந்து மாதிரியை உருவாக்கியவரிடம் முதலில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.